அந்தப் பக்கத்துத் தேமல்

நாராயணப்பன் காலையில் பல் துலக்கும் முன்பே தக்காளிச் செடிகளைப் பரிசோதித்துவிடுவார். ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றது ஆள்தான். கை இன்னும் வேலையில்தான் இருந்தது. ஒரு பாகத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கட்டைவிரலால் விளிம்பைத் தடவி, பிசிறு தட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததை எடுப்பார். அதே கட்டைவிரல் இப்போது வீட்டின் பின்புறத்தில் வரிசையாக நின்ற செடிகளின் இலைகளைத் தடவியது. தண்டுக்கும் கிளைக்கும் இடையில் கிளம்பும் பக்கக் கொழுந்துகளைக் கிள்ளியது. குச்சியில் கட்டிய சணலை இழுத்துப் பார்த்தது.

"பாஸ்," என்பார் தேறிவிட்ட ஒரு செடியிடம். அடுத்ததிடமும், "பாஸ்." அதற்கடுத்தது சற்றுக் கூனி நின்றால், "ரீவொர்க்," என்று சொல்லிவிட்டுக் குச்சியை மாற்றிக் கட்டுவார்.

பின்வீட்டு ஆஞ்சப்பன் தம் மொட்டை மாடியில் பல் துலக்கிக்கொண்டே இதை வேடிக்கை பார்ப்பது வழக்கம்.

"என்னா சார், ஏ ஷிப்டு ஆரம்பிச்சாச்சா?"

"நமக்கு ஏதுய்யா ஷிப்டு? எப்பவும் ஜெனரல்தான்."

"செடிக்கெல்லாம் ஐடி கார்டு மாட்டிவுட்டுருங்க. ஓடிப் போயிரப் போவுது."

"மாட்டுவன். உன் கண்ணு பட்டுடுமேன்னுதான் பாக்கறன்."

இரண்டு செடிகளுக்கு நடுவே இடுப்பிலிருந்து சிறு டப்பியை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அள்ளி இழுத்துக்கொள்வார். தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் கூடத்தின் பக்கம் பீடிக்கும் சிகரெட்டுக்கும் அனுமதி கிடையாது. ஆகவே அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் பொடிக்குப் பழகினார்கள்; அவரும் பழகினார். அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. பொடி போட்ட விரலைத் தோள்துண்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அந்த விரலாலேயே அடுத்த செடியின் கொழுந்தைக் கிள்ளுவார்.

அவர் தொடாத செடி ஒன்றே ஒன்று இருந்தது. துவைக்கும் கல்லின் ஓரத்தில், மதில் சுவரை ஒட்டி, தானாக முளைத்த நாட்டுத் தக்காளி. பாத்திரம் கழுவிய தண்ணீரோடு வந்து விழுந்த விதையாக இருக்க வேண்டும். இராயக்கோட்டைப் பக்கம் நாற்றுப் பண்ணையில் குழித்தட்டோடு வாங்கி வந்த தம் ஒட்டுரகச் செடிகளோடு அதைச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. "இது நம்ம லாட்டு இல்ல," என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய மனைவி ருக்மணியும் அதைக் கட்டவில்லை, கிள்ளவில்லை. துணி துவைக்கும் நேரத்தில் அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெறிக்கும். அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த கவனிப்பு.

அந்த மதில் சுவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீடு சாந்த் பாஷாவுடையது. பேருந்து நிலையத்துக்கு அருகில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். இரண்டு வீடுகளும் ஒரே சமயத்தில் எழுந்தபோது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இருவரும் பகிர்ந்துகொள்வதற்காகச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டுக் கட்டினார்கள். பிறகு இரு வீட்டுக்கும் தனித்தனிக் குழாய் வந்துவிட்டது. வழியை மட்டும் யாரும் அடைக்கவில்லை. ருக்மணியின் துவைக்கும் கல்லிலிருந்து வழியும் தண்ணீர், அந்த வழியின் ஓரமாக ஒரு சிறு வாய்க்காலாக ஓடி, அந்தப் பக்கத்து வாழைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

தண்ணீரை விட அதிகமாக அந்த வழியில் போய்வந்தது பாத்திரங்கள்தாம். சாந்த் பாஷாவின் மனைவி அதியா ருக்மணியை விட இளையவள். 'அக்கா' என்று அழைத்தால் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று ருசித்துச் சொல்வது போல இருக்கும். இங்கிருந்து களியும் கீரைக் கடைசலும் போனால் அங்கிருந்து பாத்திரம் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றும் இல்லாத நாளிலும் ஒரு கை சர்க்கரையோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ அதில் கிடக்கும். வெறும் பாத்திரத்தைக் கொடுப்பது உறவை முடித்துக்கொள்வதற்குச் சமம் என்று இரு வீட்டிலுமே ஒரு நினைப்பு. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதியாவின் மகள் ஹீனா நடை பழகியதே அந்த வழியில்தான். ருக்மணியைப் 'பெரிம்மா' என்றுதான் கூப்பிடுவாள். ருக்மணிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அழைப்பு அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. கணவர் நல்லவர்தான். ஆனால் பேசுகிறவர், கேட்கிறவர் அல்லர். ருக்மணி பேசுவதைக் கேட்க அந்தச் சுவருக்கு அப்பால் ஒருத்தி இருந்தாள்.

இப்போது கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்டிருந்த ஹீனா தலைப்பிரசவத்துக்கு வர இருந்தாள்.

"காய்த் தக்காளி தொக்குதான் வேணுமாம் அக்கா. கடையில வாங்குனது வேணாமாம். மருந்தடிச்சிருப்பாங்களாம்," என்று சிரித்தாள் அதியா. "போன்ல அழுவறா. அவ வர்றதுக்குள்ள நான் காய்க்க வெக்கணும்."

"நீ காய்க்க வெப்ப. உன் கை ராசியான கை."

"என் கை இருக்கட்டும். அண்ணன் பரிசோதன பண்ணாம எந்தத் தக்காளியாச்சும் காய்ச்சுருமா இந்தத் தெருவுல?"

இருவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நாராயணப்பனிடம் வாங்கிய அதே நாற்றுகளைத்தான் அதியாவும் சுவரின் அந்தப் பக்கத்தில் நட்டிருந்தாள். கொஞ்சம் பிந்தி நட்டாள். ஆனாலும் செடிகள் மதமதவென்று வந்தன.

ஒரு நாள் மாலையில் ரசத்துக்குத் தக்காளி பறிக்கப் போன ருக்மணி, தங்கள் வரிசையில் ஒரு செடியின் நுனி இலையைப் பார்த்து நின்றுவிட்டாள். வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, முதுகில் தேமல் படர்ந்தது போல இருந்தது. இலை லேசாகக் கூம்பியும் இருந்தது.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். காவேரிப்பட்டினத்தை அடுத்த அவளுடைய பிறந்த வீட்டில் இன்றைக்கும் தக்காளிதான் பயிர். தம்பி முனிவேல் பார்த்துக்கொள்கிறான். அங்கே பீடி பிடிப்பவர்களும் புகையிலை போடுபவர்களும் கொழுந்து கிள்ள வந்தால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் வரப்பில் கால் வைக்க முடியாது. தேமல் கைவழியாகப் பரவும். புகையிலைப் பொருளிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும், மறந்தும் வாய்க்காலில் போடக் கூடாது. இவ்வளவும் ருக்மணிக்கு மனப்பாடம்.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதென்றால், 'உங்கள் கையால்தான் வந்திருக்கிறது' என்று சொல்ல வேண்டும். சில காலத்துக்கு முன்பு தெருக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வந்திருந்தபோது, உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாள். "இவங்க காவேரிப்பட்டினத்துல தக்காளில டாக்டர் பட்டம் வாங்குனவங்க," என்றார் நாராயணப்பன். எல்லோரும் சிரித்தார்கள். ருக்மணியும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. அன்றிலிருந்து தோட்டத்தைப் பற்றி வாயில் வருவதை அவள் விழுங்கப் பழகியிருந்தாள்.

எனவே அந்த இலைகளை மட்டும் காம்போடு கிள்ளினாள். உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கை அவற்றை வாய்க்கால் தண்ணீரில் போட்டுவிட்டது. இலைகள் சுழன்றுகொண்டே சுவரின் வழியைக் கடந்து போயின. ருக்மணி கல்லுக்குத் திரும்பி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் காலையில் சாந்த் பாஷா வழியில் தலையை நீட்டினார். அந்த வழியை உரிமையோடு புழங்கியவள் அதியாதான். அவர் எப்போதும் கேட்டுவிட்டுத்தான் வருவார்.

"அண்ணா, தொந்தரவுன்னு நெனைக்கக் கூடாது. நம்ம செடியையும் ஒரு பார்வ பாத்து வுட்டீங்கன்னா... ஹீனா வர்றா பாருங்க. அதியா தூங்கவே மாட்டேங்கறா."

"இதுல என்னாய்யா தொந்தரவு? வா, வா. இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிருவம்."

தம் வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு நாராயணப்பன் கிளம்பினார். கிளம்பும் முன் டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். ருக்மணி துவைக்கும் கல்லருகே கையில் நனைந்த புடவையோடு நின்றாள். 'கையைக் கழுவிட்டுப் போங்க' என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சாந்த் பாஷா நிற்கிறார். மாடியில் ஆஞ்சப்பன் நிற்கிறார். அவள் புடவையை ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தத்தில் வார்த்தை அமுங்கிப் போயிற்று.

சுவருக்கு அப்பாலிருந்து, "பாஸ்... பாஸ்... அம்மாடி, இது ஏ கிரேடு!" என்ற குரலும், அதியாவின் சிரிப்பும் கேட்டன. ஒவ்வொரு செடியையும் அவர் தொட்டார். ஒவ்வொரு கொழுந்தையும் கிள்ளினார். உதவி என்று வந்துவிட்டால் அவர் குறை வைக்கிறவர் அல்லர்.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நாராயணப்பனின் வரிசை முழுவதும் தேமல் ஏறியது. இலைகள் குறுகி, ஒடுங்கி, கயிறு போல முறுக்கிக்கொண்டன. காய்கள் பழுக்கும்போது ஒரு பக்கம் சிவந்து, ஒரு பக்கம் மஞ்சளாகவே கெட்டியாக நின்றன. அறுத்தால் உள்ளே பழுப்பு. அவர் புளித்த மோரைத் தெளித்தார். வேப்பெண்ணெய் அடித்தார். அடுப்புச் சாம்பலுக்குத் தெருத்தெருவாக அலைந்தார், எரிவாயு அடுப்பு இல்லாத வீடு கிடைக்கவில்லை. தெளித்த பிறகு ஒவ்வொரு இலையாகத் திருப்பித் தடவி, மருந்து பட்டிருக்கிறதா என்று பார்த்தார். தேமல் இன்னும் வேகமாகப் போயிற்று.

சற்றுப் பொறுத்து அதியாவின் செடிகளிலும் அதே தேமல் தெரிந்தது. அதைச் சுவர் வழியாகப் பார்த்தவுடன் நாராயணப்பனின் முகம் தெளிந்துவிட்டது. குறை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது, இப்போது கண்டுபிடித்துவிட்டார்.

"காத்து அந்தப் பக்கத்துலருந்துதான் அடிக்குது," என்றார் மனைவியிடம். "வெள்ள ஈயி அங்கருந்துதான் வருது. நான் அன்னிக்கே பாத்தன், மண்ணுல ஈரம் அதிகம். சொன்னா மனசு சங்கடப்படுமேன்னு வுட்டுட்டன்."

ருக்மணியின் கண் தானாகவே கல்லின் ஓரத்துக்குப் போயிற்று. காற்றும் ஈயும் சுவரைத் தாண்டி வருவதானால் முதலில் படவேண்டிய செடி அங்கேதான் நின்றது. அதன் இலையில் ஒரு புள்ளி இல்லை. கொத்துக் கொத்தாகக் காய் பிடித்து, சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் தொடாத செடி. யார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில்தான் அது நின்றது. அதைப் பார்க்க வேண்டுமென்று ஒருவர் நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாராயணப்பன் சுவரின் வழியில் நின்று சாந்த் பாஷாவைக் கூப்பிட்டார். சண்டைக்காக அல்ல, அவர் குரல் சாதாரணமாகவே உரத்தது.

"பாஷா, தப்பா எடுத்துக்காத. உங்க செடியைப் புடுங்கிடணும். இல்லன்னா நான் என்னா மருந்து அடிச்சாலும் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும். சோர்ஸ அடைச்சாதான் லைன் க்ளியர் ஆவும்."

சாந்த் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணா, உங்களுக்குத்தான் தெரியும். ஆனா காய் இப்பத்தான் பெருக்குது. இன்னும் கொஞ்ச நாள்..."

"பாஷா, நான் என் செடிக்காக மட்டுமா சொல்றன்?"

மாடியிலிருந்து ஆஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். "என்னா சார், ரிஜெக்‌ஷனா? எங்கருந்து வந்துச்சாம்?"

"இந்தப் பக்கத்துலருந்துதான்யா," என்று நாராயணப்பன் கையைக் காட்டினார்.

"அந்தப் பக்கமா?" ஆஞ்சப்பன் சிரித்தார். "அந்தப் பக்கத்துலருந்து வர்றதெல்லாம் அப்டித்தான் சார். நீங்க சுத்தபத்தமா வெச்சிக்கினு என்னா பிரயோசனம்?"

அது விளையாட்டாகச் சொன்னது என்று பிற்பாடு எல்லோருமே சொன்னார்கள். நாராயணப்பனும் அந்த நேரத்தில் ஒரு பாதிச் சிரிப்புச் சிரித்தார். சாந்த் பாஷா சிரிக்கவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. உள்ளே நின்றிருந்த அதியா அப்போதுதான் வழிக்கு வந்தாள். மாடியையும் பார்க்கவில்லை, நாராயணப்பனையும் பார்க்கவில்லை. நேராக ருக்மணியிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்கதான தெனமும் செடிகிட்ட நிக்கறவங்க. நீங்க சொல்லுங்க. மொதல்ல எங்க வந்துச்சு?"

எல்லோரும் ருக்மணியைப் பார்த்தார்கள். அவள் கையில் பாத்திரம் தேய்க்கும் நார் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். 'மொதல்ல எங்க செடியிலதான் வந்துச்சு' என்ற ஒன்றே போதும். அதைச் சொன்னால் கணவர் என்ன ஆவார், இரவுச் சாப்பாட்டில் என்ன பேசுவார், ஆஞ்சப்பன் தெருவெல்லாம் என்ன கதை கட்டுவார் என்று வரிசையாக அவள் மனத்தில் ஓடியது. சொல்லாவிட்டால் அதியா என்ன ஆவாள் என்பது மட்டும் அந்த நேரத்தில் ஓடவில்லை. அதியா பொறுத்துக்கொள்வாள் என்று அவள் நம்பியிருக்க வேண்டும். நம் மேல் அன்பாக இருப்பவர்களின் கணக்கில்தானே நாம் எப்போதும் கை வைக்கிறோம்.

"எனக்கு நெனவில்ல, அதியா," என்றாள் ருக்மணி.

அதியா அவள் முகத்தையே பார்த்தாள்.

"சரிங்கக்கா," என்றாள்.

அத்தனை காலமும் அவள் 'சரிக்கா' என்றுதான் சொல்லிவந்தாள். அந்த ஒரு 'ங்க' ருக்மணியின் காதில் மணல் போல விழுந்தது.

அதியா திரும்பிப் போய், ஒருவரையும் துணைக்கு அழைக்காமல், தன் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். குச்சியோடு, சணலோடு, பச்சைக் காயோடு பிடுங்கினாள். காய்கள் மண்ணில் உருண்டன. சாந்த் பாஷா குனிந்து அவற்றைப் பொறுக்கப் போனார். "வேணாங்க, வுடுங்க. பக்கத்து வீட்டுக்குப் பரவிரும்," என்று அவள் சொன்னது சுவரின் இந்தப் பக்கம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

நாராயணப்பனின் செடிகளும் தேறவில்லை. ஒரு வாரம் மோரும் எண்ணெயுமாக மல்லுக்கட்டிவிட்டு, அவரும் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தார். "லேட்டா ஆக்‌ஷன் எடுத்தம். அதான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சாந்த் பாஷா வாசல் பக்கமாக வந்து அழைப்பு மணியை அடித்தார். அவர் அந்த மணியை அடித்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, ஒரு சின்ன விஷயம். அந்தச் சந்த அடைச்சிரலாம்னு இருக்கறன். மேஸ்திரி வந்திருக்காரு. உங்க பக்கம் பூசறதுக்கு ஆளு உள்ள வரலாங்களா? உங்களுக்கு எந்தச் சிரமமும் இருக்காது. செலவெல்லாம் என்னோடது."

"எதுக்கு பாஷா இப்ப?" நாராயணப்பன் உண்மையிலேயே திகைத்துப் போனார்.

"சும்மாதாங்கண்ணா. கொழந்த வரப்போவுது. பூச்சி பொட்டு ஏதாச்சும் வந்துரும்."

எந்தப் பக்கத்துப் பூச்சி என்று அவர் சொல்லவில்லை. அத்தனை மரியாதையாகப் பேசுகிறவரிடம் மறுத்துப் பேச ஒரு பிடியும் கிடைக்காது. மாலைக்குள் சிமென்ட் கல் அடுக்கி, பூசி, வேலை முடிந்துவிட்டது. வாய்க்காலுக்கு ஓட்டை விட வேண்டுமா என்று மேஸ்திரி கேட்டபோது, வேண்டாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து அதியாவின் குரல் சொன்னது. ருக்மணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து, ஈரச் சிமென்டின் நிறம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு செய்த கீரைக் கடைசலைப் பழக்க தோஷத்தில் கூடுதலாகவே செய்துவிட்டாள். அது மறுநாள் ஊசிப்போயிற்று.

ஹீனா வந்துவிட்டாள் என்பதை ருக்மணி சுவரின் மேல் உலர்ந்த அவளுடைய துணிகளிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். கல்லோரத்துச் செடி அப்போது காயும் பழமுமாக நிறைந்து நின்றது. ருக்மணி முதலில் கையைக் கழுவினாள். பிறகு நல்ல காய்களாகப் பார்த்துப் பறித்து, இரு வீட்டுக்கும் பழக்கமான எவர்சில்வர் போசிப் பாத்திரத்தை நிறைத்தாள். பின்புறத்திலிருந்து அந்த வீட்டுக்கு முன்பு நாலு எட்டுதான். இப்போது வாசலுக்கு வந்து, தெருவில் இறங்கி, முக்கில் திரும்பி, மூடிய கேட்டின் முன் நிற்க வேண்டியிருந்தது. வழியில் ஆஞ்சப்பனின் மனைவி, "எங்கக்கா, கடைக்கா?" என்று கேட்டாள். ருக்மணி ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

அதியா கதவைத் திறந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ருக்மணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாங்கக்கா. உக்காருங்க."

முன் அறையின் சோபாவில் ருக்மணி அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அடுப்படி வழியாகவே வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறவள். அதியா விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் டீ கொண்டுவந்தாள். தட்டில் பிஸ்கட் வேறு.

உள்ளறையிலிருந்து ஹீனாவின் குரல் வந்தது. "யாரும்மா?"

"பக்கத்து வீட்டுலருந்து வந்திருக்காங்க. நீ படுத்திரு."

'பெரிம்மா வந்திருக்காங்க' என்று அவள் சொல்லியிருக்கலாம். ருக்மணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தொக்குக்குக் காய் கொண்டாந்தன். நாட்டுத் தக்காளி. மருந்து ஒண்ணும் அடிக்கல. கல்லோரத்துல தானா வந்துச்சே, அது."

"ரொம்ப நன்றிங்கக்கா. எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

"அதியா..." என்றாள் ருக்மணி. "மொதல்ல எங்க செடியிலதான் வந்துச்சு. அவரு கைப்பட்டுதான் உன் செடிக்கு வந்துச்சு. நான் பாத்தன். எனக்குத் தெரியும்."

அதியா தலையசைத்தாள். யாரோ பேருந்து நேரம் சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல அசைத்தாள்.

"தெரியுங்கக்கா."

"தெரியுமா?"

"உங்க கல்லுத் தண்ணி எங்க வாழைக்குத்தான வந்துக்கிட்டிருந்துச்சு. அன்னிக்குச் சாயந்தரமே வாழ மடையில தேமல் எல வந்து நின்னுச்சு. காம்போட கிள்ளிப் போட்டிருந்தீங்க. எடுத்துப் பாத்தன். எங்க செடியெல்லாம் அன்னிக்குப் பச்சப் பசேல்னு இருந்துச்சு. மறுநாளு இவரு அண்ணனக் கூப்புட்டாரு. அந்த எல அண்ணன் தோட்டத்துலருந்து வந்துச்சேன்னு எனக்கு ஒரு யோசன. ஆனா கெடுதல்னா நீங்க சொல்லாம இருப்பீங்களான்னு பேசாம இருந்துட்டன்."

ருக்மணிக்கு டீயின் ஆவி மட்டும் தெரிந்தது.

"அப்பறம் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னையே கேட்டியே, எங்க வந்துச்சுன்னு?"

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சன்," என்றாள் அதியா. "அந்த ஆளு மாடியில நின்னுக்கினு 'அந்தப் பக்கம்'னு சொன்னாரே, அது ஒண்ணும் புதுசு இல்ல. ஊருல எங்கயும் கேக்கறதுதான். உங்க வாயிலருந்து ஒண்ணு வரும்னு பாத்தன். அவ்ளதாங்கக்கா. டீ ஆறுது, குடிங்க."

ருக்மணி குடித்தாள். குடிக்காமல் வைத்தால் மரியாதையாக இருக்காது.

அதியா போசியை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். காய்களைத் தட்டில் கொட்டும் சத்தமும், குழாய்த் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, இரண்டு கையாலும் போசியை நீட்டினாள். நன்றாகக் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துணியால் துடைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு கறிவேப்பிலை இலை கூட இல்லை.

"போய்ட்டு வாங்கக்கா," என்று வாசல் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

ருக்மணி வீட்டுக்குள் நுழைந்து நேராகப் பின்புறத்துக்குப் போனாள். நாராயணப்பன் பாத்தியை மறுபடி கொத்திப் பதப்படுத்தியிருந்தார். பக்கத்தில் புதிய குழித்தட்டு. நாற்றுகள் பசுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

"குடுத்துட்டு வந்தியா? என்னா சொன்னாங்க?"

"நன்றி சொன்னாங்க."

"பாத்தியா! நான்தான் சொன்னனே, மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டாங்கன்னு. தங்கமான ஜனங்க." அவர் டப்பியைத் திறந்து, ஒரு சிட்டிகை இழுத்து, விரலைத் துண்டில் துடைத்தார். "இந்தத் தடவ வேற ரகம். இதுக்கு எந்த நோயும் வராதாம்." கை முதல் நாற்றை நோக்கிப் போயிற்று.

"கையக் கழுவிட்டுத் தொடுங்க," என்றாள் ருக்மணி.

"என்னாது?"

"பொடி போட்ட கை. சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தொடுங்க. நம்ம செடிக்கும் அவங்க செடிக்கும் இந்தக் கையாலதான் வந்துச்சு. கல்லோரத்துச் செடிய நீங்க ஒரு நாளும் தொடல. அதுக்கு ஒண்ணும் வரல, பாத்துக்குங்க."

தரப் பரிசோதகரின் மூளை அவருடையது. தடம் கிடைத்தால் அது பிடித்துக்கொண்டு போய்விடும். அவர் கல்லோரத்துச் செடியைப் பார்த்தார். அடைத்த சுவரைப் பார்த்தார். தம் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு என்னா?"

அதட்டலாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த அத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது அப்போதுதான். ருக்மணி வெறும் போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாராயணப்பன் எழுந்து துவைக்கும் கல்லுக்குப் போனார். குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, மணிக்கட்டு வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நுரை கலந்த தண்ணீர் பழைய வாய்க்காலில் இறங்கி ஓடியது, சுவரை முட்டியது, போக இடமில்லாமல் திரும்பி வந்து, கல்லைச் சுற்றிக் குட்டையாகத் தேங்கி நின்றது.